துரத்திப் போகாத பொருள்

கையிலிருந்த சீட்டில் இருபத்துமூன்று என்று அச்சாகியிருந்தது. சுவரில் மாட்டிய திரையில் சிவப்பு எழுத்தில் பதினேழு நின்றது. பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும் என்று பிரமு காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டரைக்கு மேல் என்ன இருக்கிறது என்று ஆவுடை யோசித்தாள். வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்குத்தான். அப்படியானால் வேறு யாரையாவது வரச் சொல்லியிருக்கிறானா, இடத்தை அளக்க, வீட்டைப் பார்க்க? அல்லது வெறுமனே பசிக்கும் என்று சொன்னானா? பிரமுவுக்குச் சின்ன வயதிலிருந்தே பசி தாங்காது. பாளையங்கோட்டைப் பத்திர ஆபீஸில் பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. அவன் அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ தூக்கி வந்து, கைக்குட்டையால் தூசி தட்டிப் போட்டிருந்தான். நாற்காலியைத் தட்டிப் போடுகிறவன் இல்லை அவன். அப்பா செத்த அன்றுகூட அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இன்றைக்கு நாற்காலி, வீட்டு வாசல் வரை வந்த கார், வழியில் இளநீர், "வெயில்ல உனக்குத் தலை சுத்தும்லா அக்கா" என்ற கரிசனம். ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்லதாகத்தான் இருந்தது. வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஒரு மாதிரி இருந்தது. அவள் அப்படி வரிசையாக வைத்துப் பார்த்தே முப்பத்தொரு வருடம் சம்பளம் வாங்கியவள். மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் கண் சும்மா இருப்பதில்லை.

விஷயம் சின்னதுதான். அப்பா உயில் எழுதி வைக்காமல் போனதால் வீடு அவளுக்கும் பிரமுவுக்கும் பொதுவில் பாதிப்பாதி. கல்யாணம் ஆகாத அவள் மாடி அறையில் இருக்கிறாள். கீழே பிரமுவும் அவன் மனைவி மீனலோசனியும். சுவரெல்லாம் விரிசல் விட்டிருக்கிறது, இடித்துக் கட்ட வேண்டும், பாங்கில் ஒரே பெயரில் பத்திரம் கேட்கிறார்கள் என்று பிரமு சொன்னான். "நீ ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தா போதும் அக்கா. மாடி ரூம் கடைசி வரைக்கும் உனக்குத்தான். இதையெல்லாம் எழுதணுமா, நான் உன்னைய விட்டுருவேனா?" விட்டுருவேனா என்று அவன் கேட்டபோது அவள் மனதில் தமிழ் வரவில்லை. ஓர் இங்கிலீஷ் சொல் வந்தது. வெய்வ். உரிமையைத் தானே கைவிடுதல். கோர்ட்டுக் காகிதங்களில் ஆயிரம் தடவை பார்த்த சொல். பதினைந்து நாளாக அது போகவில்லை. பல் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, இன்று காலை கண்ணாடியைத் தேடியபோது. ஆமாம், கண்ணாடி. படிக்கிற கண்ணாடி. மேசை மேல்தான் எப்போதும் இருக்கும். இன்றைக்கு இல்லை. தலையணைக்கு அடியில் இல்லை, பூஜை அலமாரியில் இல்லை. மீனலோசனி படிக்கட்டில் பாதி ஏறி நின்றுகொண்டு, "வாசிக்க அங்க என்ன மதினி இருக்கு? கையெழுத்து ஒண்ணுதான. வண்டி வந்து நிக்கி" என்றாள். கண்ணாடி காணாமல் போனது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆவுடை சத்தம் போட்டுத் தேடவில்லையே. போட்டாளோ? "எங்க போச்சு இந்தக் கண்ணாடி" என்று தனக்குத்தானே சொல்லியிருக்கலாம். தனியாக இருக்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. ஆனால் கீழே இருப்பவளுக்கு அது கேட்கும் என்றால் எல்லாமே கேட்கும்.

பதினெட்டு. ஒரு கிழவரை இரண்டு மகன்கள் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்கள். வெய்வ் என்ற சொல்லை அவள் முதலில் பார்த்தது இருபத்தாறு வயதில், வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம். அகராதி "விட்டுக்கொடு" என்றது. விட்டுக்கொடு என்பது பிள்ளைகள் விளையாட்டில் சொல்கிற சொல். அது போதாது என்று தோன்றி, கோர்ட்டு நூலகத்தில் பூச்சி அரித்த பெரிய சட்ட அகராதியை இறக்கி, மத்தியானச் சாப்பாட்டை மறந்து ஒரு பக்கம் முழுவதும் படித்தாள். நார்மன்காரர்களின் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குள் வந்த சொல். அதற்கு முன்னால் வடக்கே கடலோடிகளிடமிருந்து வந்திருக்கலாம் என்று அகராதி போட்டிருந்தது. இருக்கலாம். அகராதிக்கே சந்தேகம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பன்னிரண்டு வயதான ஆண் பிள்ளைகள் பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்போம் என்று சத்தியம் செய்வார்களாம். அப்படிச் சத்தியம் செய்தவன் குற்றம் சாட்டப்பட்டு, கூப்பிட்டும் கோர்ட்டுக்கு வராமல் ஓடிவிட்டால் அவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். அப்புறம் அவனுக்கு யாரும் துணை இல்லை. சரி, ஒரு பெண் ஓடிவிட்டால்? அவள் சத்தியமே செய்யவில்லையே. உள்ளே வராதவளை வெளியே தள்ள முடியாது. அதனால் பெண்ணுக்கு வேறு சொல் வைத்தார்கள். அவளை வெய்வ் செய்தார்கள். விட்டுவிட்டார்கள். கேட்பாரற்றவளாக, தேடுவாரற்றவளாக. ஆவுடை அதை ஒரு அட்டையில் குறித்துக்கொண்டாள். சொற்களுக்கு அட்டை போடுவது அவள் பழக்கம், மூலையில் தேதி, அடியில் தன் சுருக்கொப்பம். அட்டையை எழுதி முடித்தபின் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா வீட்டில் எந்த வயதில் பிரமு உள்ளே வந்தான், தான் எந்த வயதில் வந்தோம், வந்தோமா என்று அன்று யோசித்தது இன்றைக்கும் முடியவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதில் வீட்டுச் சாவியில் ஒன்று கிடைத்தது. அவளுக்குச் சாவி கிடைத்தது அப்பா செத்த பிறகு. அதுவும் அவர் இடுப்பிலிருந்து அவளே அவிழ்த்தது.

"அம்மா, காப்பி சொல்லட்டா?" என்று பத்திரம் எழுதுகிற உலகநாதன் வந்து நின்றார். காதில் ஒரு பேனா, சட்டைப் பையில் இரண்டு. "நம்ம கோர்ட்டம்மாளுக்குப் பத்திரம் எழுதக் குடுத்து வச்சிருக்கணும். உங்களுக்குத் தெரியாத வாசகமா? ஒரு புள்ளி தப்பிருந்தாலும் பிடிச்சிருவீங்களேன்னு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல." பிரமு சிரித்தான். "எங்கக்கா ரேஷன் கார்டைக்கூட ரெண்டு தடவை வாசிப்பா அண்ணாச்சி." ஆவுடையும் சிரித்தாள். பத்திரத்தை ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டாள். பிரமு பிளாஸ்டிக் உறையை உடனே நீட்டினான். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது. கண்ணாடி இல்லை என்று தெரிந்து நீட்டுகிறானா? எழுத்துகள் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தன. கையை முடிந்த மட்டும் நீட்டி வைத்துப் பார்த்ததில் "மனமுவந்து" என்ற சொல் மட்டும் கொஞ்சம் பிடிபட்டது. யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி மனமுவந்து. அது இல்லாமல் பத்திரம் இருக்காது. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஒரு பெயர் ஞாபகம் வந்தது. பேச்சி. வல்லநாட்டுப் பக்கத்துப் பேச்சி, அண்ணனிடம் நிலத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டவள். முகம்கூடப் பார்த்ததில்லை, சாட்சியப் பக்கங்களில் மட்டும் பார்த்தவள். "அவனே வச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன்யா" என்று குறுக்கு விசாரணையில் அவள் சொன்னது ஒரே வரி. மேல் கோர்ட்டுக்காக அதை இங்கிலீஷில் ஆக்கியவள் ஆவுடை. வெய்வ் என்று எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சட்டப் புத்தகங்களில் அந்தச் சொல் தனியாக வராது, எப்போதும் பக்கத்தில் ஒரு துணையோடு வரும், அறிந்தே, தன் விருப்பத்தோடு என்று. பழக்கத்தில் கை அந்தத் துணையையும் சேர்த்து எழுதிவிட்டது. பேச்சி சொல்லவே இல்லை. தன் விருப்பத்தோடு என்று பேச்சி சொல்லவே இல்லை. இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பு அச்சில் வந்தபோது, வாதியே தன் வாயால் ஒப்புக்கொண்டபடி என்று அந்த வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். பேச்சி தோற்றாள். ஆவுடை யாரிடமும் சொல்லவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். அந்த மனமுவந்து இத்தனை வருடம் ஊரைச் சுற்றிவிட்டு இன்று அவள் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

பத்தொன்பது. உள்ளே கட்டைவிரல் ரேகை எடுக்கிற கருவி மக்கர் செய்கிறது என்று யாரோ சொன்னார்கள். விரலை ஈரத் துணியில் துடைத்துவிட்டு வையுங்கள் என்று ஒரு குரல். வெயில் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து அவள் செருப்பு வரைக்கும் நீண்டிருந்தது. அதே அகராதிப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. திருடன் துரத்தலுக்குப் பயந்து ஓடும்போது வழியில் எறிந்துவிட்டுப் போன பொருளுக்கும் அதே சொல்தான். எறிந்த பொருள் யாருக்கு? பறிகொடுத்தவனுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, அரசனுக்கு. பறிகொடுத்தவன் அப்போதே கூச்சல் போட்டுத் துரத்திப் போயிருந்தால் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். துரத்தாமல் இருந்தால் அவனுக்கு இல்லை. துரத்தாததற்குத் தண்டனை. அதைப் படித்தபோது அவளுக்குச் செப்புக் குடம் ஞாபகம் வந்தது. ஒன்பது வயது. மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது புறவாசல் வழியாக ஒருவன் வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவள்தான் பார்த்தாள், அவள்தான் கத்தினாள். அவன் வாய்க்கால் ஓரம் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிய சத்தம் தெருவரை கேட்டது. நான் போய் எடுத்துவரவா என்று கேட்டாள். "போட்டுட்டுத்தான போயிருக்கான், வெயில் தாழ எடுத்துக்கிடலாம், பொட்டப்புள்ள ஓடாத" என்று அப்பா திரும்பிப் படுத்தார். வெயில் தாழ்ந்து போனபோது குடம் இல்லை. மண்ணில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. அதற்குப் பிறகு பல வருடம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த இடத்தை மிதிக்காமல் தாண்டிப் போவாள். இந்த வீட்டில் அவள் பாகமும் அப்படித்தானோ? இத்தனை வருடம் அது என்னுடையது என்று அவள் ஒரு தடவையாவது கத்தியிருக்கிறாளா? மாடி அறையின் கூரை ஒழுகியபோதுகூட, "உங்க மாடி ஒழுகுது" என்றுதான் பிரமுவிடம் சொன்னாள். உங்க மாடி.

அவளுக்கு மிகவும் சந்தேகமாக இருந்தது அந்தப் பக்கத்தின் கடைசிப் பகுதிதான். முதலில் பெண்ணை மற்றவர்கள் விட்டார்கள். பொருளைத் திருடன் விட்டான். விடுகிறவன் ஒருவன், விடப்படுவது வேறொன்று. பிறகு சில நூறு வருடங்களில் அதே சொல், ஓர் ஆள் தன்னுடைய உரிமையைத் தானே விடுவது என்று ஆகிவிட்டது. எப்போது கட்சி மாறியது, எந்தக் கோர்ட்டில், யார் வாயில்? அகராதி வரிசையாக வருடங்களைப் போட்டிருந்தது, அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு நினைப்பு. யாரும் யாரையும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு நாற்காலி போட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்து, பேனாவைக் கையில் கொடுத்தால் போதும். போன மாதம் மாடி அறைக்குப் புது மின்விசிறி வந்தது. கேட்காமலே வந்தது. இடித்துக் கட்டப் போகிற வீட்டில் யாராவது புது விசிறி மாட்டுவார்களா? இடிக்கப் போவதில்லை என்றால் பத்திரம் எதற்கு? ஆனால் பழைய விசிறி கிறீச்சிட்டது என்று தூக்கமில்லாமல் அலுத்துக்கொண்டவள் அவள்தானே. மீனலோசனியிடம்தானே சொன்னாள். மாட்டினால் ஏன் மாட்டினாய் என்கிறாள், மாட்டாவிட்டால் ஏன் மாட்டவில்லை என்பாள். இப்படி ஒரு நாத்தனார் மாடியில் இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் அலுக்காது? "அக்கா, ஏன் ஒரு மாதிரி இருக்க? வீட்டுக்குப் போயிருவமா? இன்னொரு நாள் வருவோம்" என்றான் பிரமு. உண்மையாகவே கேட்டான். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது, ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை வேறு. சின்னப் பிள்ளையில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் பெருக்கல் வாய்பாடு படித்திருக்கிறாள். ஒன்றுமில்லை, முகம் கழுவினால் சரியாகும் என்று கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள்.

கைக்குட்டைக்கு அடியில் ரப்பர் வளையம் போட்ட பழுப்பு உறை ஒன்று. வேலையில் இருந்தபோது பென்சிலும் அளவுகோலும் வைத்துக்கொள்கிற உறை. அதற்குள் பென்சிலோடு பென்சிலாக அவள் கண்ணாடி இருந்தது. நேற்றுச் சாயங்காலம் இதையெல்லாம் எடுத்து வைத்தது அவளேதான், பத்திர ஆபீஸுக்குப் போகிறோமே என்று. இப்போது தெளிவாக ஞாபகம் வந்தது. மீனலோசனி எடுக்கவில்லை. அந்தப் பெண் படிக்கட்டில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள், கண்ணாடி திருடவா ஏறுவாள்? ஆவுடைக்குக் காது சூடாகியது. காலையிலிருந்து நினைத்ததை எல்லாம் யாராவது அச்சடித்து எதிரில் ஒட்டினால் எப்படி இருக்கும்? திரையில் இருபத்தொன்று. இருபது எப்போது போனது என்று தெரியவில்லை. வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு வேகம் வந்தது, கண்ணாடிக்குப் பரிகாரமாக. ஆனால் கண்ணாடியை எடுத்துப் போட்டபின் கை பழக்கத்தில் பென்சிலையும் எடுத்துவிட்டது.

ஒப்புநோக்காமல் ஒரு காகிதமும் அவள் கையை விட்டு வெளியே போனதில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் நகலில் ஒவ்வொரு சொல்லாகப் பென்சில் நுனியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அவளோடு வாசித்தவர் தேவசகாயம் அண்ணாச்சி. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி வாசிப்பார். "அர்த்தம் புரிஞ்சு வாசிச்சம்னா தொலைஞ்சோம், ஆவுடை. மனசு முன்னால ஓடி, பிடிக்காததைத் தாண்டிரும்." ஒருநாள் ஒரு ஜீவனாம்ச வழக்கில், மனைவி என்று வந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு வாசித்தார். மூன்றாவது தடவை அவள் பென்சிலை வைத்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வீட்ல சண்டையா?" என்றாள். "சாமி சத்தியமா உனக்கு யார் சொன்னா?" என்று அவர் விழித்த விழி இருக்கிறதே. அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுபோனாள். நினைத்ததும் ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடேதான் சொன்னாள். "பிரமு, நகல் ஒண்ணு இருக்குல்ல? அதை என்கிட்ட தா. நீ அசலை வாசி. தேவசகாயம் அண்ணாச்சி வாசிப்பாரே, அந்த மாதிரி. உள்ள போறதுக்குள்ள ஒரு தடவை ஒப்பு பாத்துக்கிடுவோம்." பிரமு உலகநாதனைப் பார்த்தான். "ஏன், சந்தேகமா?" "சந்தேகம் என்னடா சந்தேகம். பழக்கம்." இதைச் சொன்னபோது அது உண்மையாகவும் இருந்தது. உலகநாதன், "வாசிங்க தம்பி, கோர்ட்டம்மா பாஸ் போட்டா எனக்குத்தான் பெருமை" என்று சொல்லிவிட்டுக் காப்பிக்காரனைக் கூப்பிடப் போனார்.

பிரமு தொண்டையைச் செருமிக்கொண்டு, விளையாட்டாகவே ஆரம்பித்தான். "பாளையங்கோட்டை காற்புள்ளி வடக்குத் தெரு காற்புள்ளி காலஞ்சென்ற சிவசங்கரன் அவர்களின் குமாரத்தி ஆவுடையம்மாள் ஆகிய நான் காற்புள்ளி…" நன்றாகவே வாசித்தான். அவள் பென்சில் சொல்லுக்குச் சொல் நகர்ந்தது. யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி. மனமுவந்து. பென்சில் அதைத் தாண்டிப் போனது. கையில் பழைய நிதானம் வந்துவிட்டது, மூச்சுகூடச் சீரானது. அர்த்தம் ஒன்றும் உள்ளே போகவில்லை, எழுத்துகள் மட்டும். வீட்டின் நான்கு எல்லை, கதவு எண், மின் இணைப்பு. இதுதான் நல்லது, எல்லாவற்றையும் இப்படியே வாசித்துவிட்டு வாழலாம் என்றுகூட நினைத்தாள். திரை இருபத்திரண்டுக்கு மாறியதை ஓரக்கண்ணால் பார்த்தாள். "…மேற்படி சொத்தில் எனக்குப் பொதுவில் உள்ள பாதி பாகத்தையும் காற்புள்ளி சகல உரிமைகளையும் காற்புள்ளி இன்று முதல் என் தம்பிக்கு விட்டுக்கொடுத்து…" பென்சில் நின்றது. பாதி பாகத்தையும் என்பதற்குப் பக்கத்தில், காற்புள்ளிக்கு அப்புறம், நகலில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதன் மாடி அறையில் நான் குடியிருந்து வரும் உரிமை உள்பட. அதற்குப் பிறகுதான் சகல உரிமைகளையும் வந்தது. அந்தச் சொற்கள் மற்ற வரிகளைப் போலவே இருந்தன, கூட்டிப் போட்ட மாதிரியும் இல்லை, ஒளித்து வைத்த மாதிரியும் இல்லை, வெயிலில் பளிச்சென்று இருந்தன. அசலிலும் அவை அப்படியேதான் இருக்க வேண்டும். ஒரே கணினியில் எடுத்தது.

பிரமு வாசித்துக்கொண்டே போனான். கொஞ்சம் வேகமாக. காற்புள்ளிகளைச் சொல்வது நின்றுபோயிருந்தது. பிறகு அவன் கண் தற்செயலாக அவள் பென்சிலுக்கு வந்தது. அது நகராமல் நின்ற இடத்தைப் பார்த்தான். வாசிப்பு மெல்லக் குறைந்து, ஒரு சொல்லின் நடுவில் நின்றது. ஆவுடை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவன் முகம் தெரியும், முகம் தெரிந்தால் அவனுக்காக அவளே ஒரு துணைச் சொல்லைச் சேர்த்துவிடுவாள். தெரியாமல் விட்டிருப்பான், கண் தாண்டியிருக்கும், சர்க்கரை, பசி. பேச்சிக்குச் சேர்த்தது போல. திரையில் மணி ஒலித்து எண் மாறியது. "இருபத்துமூணு! விடுதலைப் பத்திரம்! பிரமநாயகம், ஆவுடையம்மாள் வாங்க!" என்று வாசலில் நின்ற ஊழியர் கூப்பிட்டார். சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, கூப்பிடுதாங்க" என்றான் பிரமு. அவள் எழுந்துகொள்ளக் கை நீட்டினான். ஆவுடை பென்சில் நுனியை அந்த வரியின் முதல் எழுத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடமாகத் தேவசகாயம் அண்ணாச்சியிடம் எந்தக் குரலில் சொல்வாளோ, கோபமோ வருத்தமோ கலக்காத அதே குரலில், ஆனால் அந்த அறை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு வரி விட்டுப்போச்சு, பிரமு. உக்காரு. திரும்ப வாசி."